மருத்துவக் கஞ்சா: புகைக்கத் தடை, ஆவிக்கு அனுமதி – கருவியைத் தெரிவு செய்வது எப்படி?

பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் தேதியிலிருந்து, சிறப்பு மருத்துவர் ஒருவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சாவை மருந்தாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே விதிமுறைகள், அந்த நோயாளி அதனைப் புகைக்கக் கூடாது என்றும் திட்டவட்டமாகக் கூறுகின்றன. மருந்தகத்திலிருந்து முறைப்படி வந்து சேர்ந்த உலர்ந்த பூவைச் சுருட்டிப் பற்றவைத்தால் அது சட்டமீறல். அதே பூவை எரியவிடாமல் சூடாக்கி, எழும் ஆவியை உள்ளிழுத்தால் அது சிகிச்சை.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது வேப்பரைசர் எனப்படும் ஆவியாக்கிக் கருவி. பூவை யார் பரிந்துரைக்கலாம், யார் வழங்கலாம் என்பதையெல்லாம் சட்டம் நுணுக்கமாக வரையறுத்திருக்கிறது. கருவியைத் தெரிவு செய்யும் பொறுப்போ பெரும்பாலும் நோயாளியின் தலையிலேயே விழுகிறது. கடைகளிலும் இணையத்திலும் குவிந்து கிடக்கும் கருவிகளில் பல, மருத்துவத்தை மனதில் கொண்டு தயாரிக்கப்பட்டவை அல்ல. ஆனால் நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு மருந்து செல்கிறது என்பதை, மருந்துச் சீட்டைப் போலவே இந்தக் கருவியும் தீர்மானிக்கிறது.

சட்டம் வந்த வழி

கடுமையான வலிப்பு நோயால் பாதிக்கப்பட்ட இரண்டு சிறுவர்களுக்குக் கஞ்சா எண்ணெய் மறுக்கப்பட்ட விவகாரம் 2018ஆம் ஆண்டில் பிரிட்டனில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் பின்னர், அப்போதைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித் இம்மருந்துகள் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். எனினும் தேசிய சுகாதார சேவையின் மூலம் இவற்றைப் பெறுவோர் மிகச் சிலரே. பெரும்பாலான நோயாளிகள் தனியார் சிகிச்சை நிலையங்களையே நாடுகின்றனர். மருந்துக்கும் கருவிக்கும் தாங்களே பணம் செலுத்துகின்றனர்.

ஏனைய நாடுகள் இதற்கு முன்பே வெவ்வேறு பாதைகளில் சென்றிருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து, 2001இல் அங்கு மருத்துவப் பயன்பாட்டுக்கான விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. 2003இல் நெதர்லாந்து மருந்தகங்கள் வழியாகக் கஞ்சாப் பூக்களை வழங்கத் தொடங்கியது. ஜெர்மனியில் 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், கடும் நோயுற்றவர்களுக்கான கஞ்சா மருந்தின் செலவை உரிய நிபந்தனைகளுடன் மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்க வழிசெய்தது. கனடாவில் நோயாளி புகைப்பதற்குத் தனித் தடை எதுவும் இல்லை. ஆகவே டொராண்டோவில் ஆவியாக்கி என்பது ஒரு மருத்துவ ஆலோசனை. லண்டனில் அது ஒரு சட்டத் தேவை.

எரிப்பதும் சூடாக்குவதும்

கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளான டி.எச்.சி. அப்படியே இருப்பதில்லை. அதன் அமில வடிவமே பச்சைச் செடியில் பெருமளவு காணப்படுகிறது; அந்த வடிவத்துக்குப் போதைத் தன்மை இல்லை. வெப்பம் பட்டதும் அது டி.எச்.சி.யாக மாறுகிறது. போதை தராத சி.பி.டி. என்ற மற்றொரு பொருளும் இவ்வாறே உருவாகிறது. இவை ஆவியாவதற்குப் பூ எரிய வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவப் பயன்பாட்டில் பொதுவாக 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

புகைக்கும்போது நடப்பது வேறு. இழுக்கும் கணத்தில் சிகரெட் ஒன்றின் எரியும் நுனி 800 டிகிரிக்கு மேல் செல்கிறது. அந்த வெப்பத்தில் மருந்தின் ஒரு பகுதி அழிந்துபோகிறது. தார், கார்பன் மோனாக்சைடு போன்றவை உருவாகி நுரையீரலுக்குள் செல்கின்றன. வெப்பநிலை 230 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பூ கருகத் தொடங்கும் என்பதால், அந்த எல்லையை நெருங்காமல் பார்த்துக்கொள்வதே நல்ல ஆவியாக்கியின் முதல் வேலை.

கலிபோர்னியாவில் 18 ஆரோக்கியமான நபர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆவியாக உள்ளிழுத்தவர்களின் இரத்தத்தில் சேர்ந்த டி.எச்.சி.யின் அளவு, புகைத்தவர்களின் அளவை ஒத்திருந்ததாகக் கண்டறிந்தது. அதேவேளை, அவர்களது மூச்சில் வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த மேசைக் கருவியில் இட்ட டி.எச்.சி.யில் சராசரியாக 54 சதவீதம் ஆவியாகக் கிடைத்தது என்று அளந்து காட்டினர்.

இரு வகை வெப்பம்

சந்தையில் உள்ள கருவிகள், பூவுக்கு வெப்பம் சென்று சேரும் விதத்தில் வேறுபடுகின்றன. முதல் வகையில், பூவை இடும் சிறு கிண்ணத்தின் சுவரே சூடாகிறது. சட்டியில் மிளகாய் வறுப்பதற்கு இதனை ஒப்பிடலாம்: கிளறாமல் விட்டால் அடியில் கருகும், மேலே பச்சையாக இருக்கும். இவ்வகைக் கருவிகள் சிறியவை, விலை குறைந்தவை. ஆனால் உள்ளிழுக்காத வேளையிலும் கிண்ணம் சூடாகவே இருப்பதால் மருந்து வீணாகிறது.

இரண்டாவது வகையில், காற்று முதலில் சூடாக்கப்பட்டு, பின்னர் பூவின் ஊடாகச் செலுத்தப்படுகிறது. காப்பித் தூளின் மீது வெந்நீர் ஊற்றி டிகாக்ஷன் இறக்குவதைப் போன்றது இது. வெப்பம் சீராகப் பரவுகிறது. ஒவ்வொரு வேளையும் ஏறத்தாழ ஒரே அளவு மருந்து கிடைக்கிறது. இவ்விரு முறைகளையும் இணைத்த கையடக்கக் கருவிகளும் உள்ளன.

மருத்துவ ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்டது 'வோல்கானோ' என்ற மேசைக் கருவி. இது ஆவியை ஒரு பைக்குள் நிரப்பிக் கொடுக்கிறது. நோயாளி தமக்கு வசதியான வேகத்தில் பையிலிருந்து உள்ளிழுக்கலாம். இதனைத் தயாரிக்கும் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கெல் நிறுவனம், அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற தெற்கு ஜெர்மானிய நகரமான டுட்லிங்கனில் இயங்குகிறது. 2018இல் கனடாவின் கனோபி குரோத் நிறுவனம் இதனை வாங்கியது. அதன் 'வோல்கானோ மெடிக்', கையடக்க 'மைட்டி மெடிக்' ஆகியன மருத்துவக் கருவிகளாகச் சான்று பெற்றவை. சில நூறு பவுண்கள் விலையுள்ள இக்கருவிகள் எல்லோருக்கும் எட்டக்கூடியவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, வெப்பநிலைக் கட்டுப்பாடு. "குறைவு, நடுத்தரம், அதிகம்" என மூன்று விளக்குகள் மட்டுமே உள்ள கருவியைவிட, டிகிரிக் கணக்கில் எண்ணைக் காட்டும் கருவியே மருத்துவத்துக்கு ஏற்றது. வலி குறைந்த நாளில் எந்த வெப்பநிலை உதவியது என்று மருத்துவரிடம் சொல்ல முடிந்தால்தான் சிகிச்சையைச் சீர்செய்ய முடியும்.

இரண்டாவது, அளவு. பலரும் கவனிக்கத் தவறுவது இதனையே. டி.எச்.சி. 20 சதவீதம் உள்ள பூவில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கை எடுத்தால், அதில் 20 மில்லிகிராம் டி.எச்.சி. இருக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எப்போதாவது மட்டுமே கஞ்சா பயன்படுத்தும் 17 பேருக்கு 10, 25 மில்லிகிராம் டி.எச்.சி. கொண்ட கஞ்சா வழங்கப்பட்டது. அதே அளவைப் புகைத்தபோது இருந்ததைவிட, ஆவியாக உள்ளிழுத்தபோது இரத்தத்தில் டி.எச்.சி. கூடுதலாகக் காணப்பட்டது, கவனமும் செயல்திறனும் அதிகமாகத் தடுமாறின. அப்படியானால், புதிய நோயாளி ஒருவர் கருவியின் கிண்ணத்தை நிரப்பி முழுவதையும் உள்ளிழுப்பது, மாத்திரை அட்டையில் பாதியை ஒரே வேளையில் விழுங்குவதற்கு ஒப்பானது.

அதிகம் எடுத்தால் அதிகம் குணம் என்பதும் இல்லை. நரம்பு சார்ந்த வலியுள்ள 39 நோயாளிகளிடம் கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், டி.எச்.சி. 1.29 சதவீதம் மட்டுமே கொண்ட கஞ்சாவின் ஆவி, 3.53 சதவீதம் கொண்டதைப் போலவே வலியைத் தணித்தது. எனவே மிகச் சிறிய அளவையும் ஏற்கும் கிண்ணம், அல்லது முன்கூட்டியே நிறுத்து நிரப்பி வைக்கக்கூடிய சிறு உலோகக் குப்பிகள் உள்ள கருவி நன்மை தரும். மில்லிகிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றும் அவசியம்.

மூன்றாவது, காற்று செல்லும் பாதை. சூடான காற்று படும் பகுதிகள் கண்ணாடி, துருப்பிடிக்காத உருக்கு, பீங்கான் அல்லது உயர் வெப்பம் தாங்கும் மருத்துவத் தர பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருக்க வேண்டும். மலிவான கருவிகளில் பசையும் சாதாரண பிளாஸ்டிக்கும் அந்தப் பாதையில் இருந்தால், புகையைத் தவிர்த்த பயன் வீணாகும். சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் ஒரு பொருளை மருத்துவக் கருவியாக்கி விடாது. சாதாரண மின்சாதனங்களும் அந்த முத்திரையைத் தாங்குகின்றன. சான்றளித்த அமைப்பைக் குறிக்கும் நான்கு இலக்க எண் பக்கத்தில் உள்ளதா, விற்பனையாளர் அதனை மருத்துவக் கருவி என்று எழுத்தில் கூறுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, நோயாளியின் கைகள். பல்தசை இறுக்க நோயோ மூட்டுவாதமோ உள்ள ஒருவரால், நகக்கண் அளவு மூடியைத் திருகித் திறக்க முடியாது. நடுங்கும் விரல்களுக்குக் கையடக்கக் கருவியைவிட மேசைக் கருவி வசதியாக இருக்கலாம். மூச்சை வலிந்து இழுக்க முடியாதவர்களுக்குப் பை நிரப்பும் முறை உதவும். நள்ளிரவில் வலியால் எழுபவருக்கோ, ஓரிரு நிமிடங்களில் சூடாகும் சிறு கருவியே பொருத்தமானது.

ஐந்தாவது, சுத்தம். ஆவி குளிர்ந்ததும் பிசினாகப் படியும். பிரித்துக் கழுவ முடியாத கருவி சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். வெப்பமும் அளவும் மாறும். வாய்ப்பகுதியை மற்றவர்களுடன் பகிரக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையால் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உலர்ந்த பூக்களில் பூஞ்சை வித்துகள் இருக்கக்கூடும். அவை அனைத்தையும் கருவியின் வெப்பம் அழித்துவிடும் என்று நம்புவது சரியல்ல. மருந்தகங்கள் வழங்கும் பூக்களில் பல, கதிர்வீச்சு மூலம் கிருமிநீக்கம் செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

'வேப்' என்ற சொல் தரும் குழப்பம்

நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்கும் மின் சிகரெட்டும், உலர்ந்த பூவைச் சூடாக்கும் மருத்துவ ஆவியாக்கியும் ஒன்றல்ல. இரண்டையும் மக்கள் 'வேப்' என்றே அழைப்பதால், ஒன்றைப் பற்றிய செய்தி மற்றொன்றின் மீதும் அச்சத்தை ஏற்படுத்துகிறது.

2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டனர் அல்லது உயிரிழந்தனர். உயிரிழப்பு 68 என உறுதி செய்யப்பட்டது. டி.எச்.சி. எண்ணெய் அடைத்த குப்பிகளில், பெரும்பாலும் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டவற்றில், கலக்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருளே இதனுடன் வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. அங்கீகாரமற்ற இடங்களில் எண்ணெய்க் குப்பிகளை வாங்கக் கூடாது என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

மருத்துவ உலகின் தயக்கம்

கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மருந்து குறித்த கேள்விகள் ஓயவில்லை. பிரிட்டனின் சிகிச்சைத் தரநிலைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, நாட்பட்ட வலிக்கு டி.எச்.சி. கொண்ட கஞ்சா மருந்துகளை வழங்க வேண்டாம் என்று 2019இல் கூறியது. பல்தசை இறுக்க நோயில் ஏற்படும் தசைவிறைப்புக்கு, வாயில் தெளிக்கும் மருந்து ஒன்றையே அது ஏற்றுக்கொண்டது. மறுபுறம், அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரின் நாட்பட்ட வலிக்குக் கஞ்சா பயன் தருவதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாகத் தெரிவித்தது. 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான சர்வதேச வழிகாட்டல், வழமையான சிகிச்சை போதாதபோது கஞ்சா மருந்தை முயன்று பார்க்கலாம் என்றது. ஆனால் உள்ளிழுக்கும் முறையை அது சேர்க்கவில்லை.

உள்ளிழுப்பதன் அனுகூலம் வேகம். சில நிமிடங்களில் பலன் தெரியும். சில மணி நேரத்தில் தணியும். எண்ணெயோ மாத்திரையோ வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் அதன் பலன் நீண்டு நிற்கும். எனவே நாள் முழுவதும் தொடரும் வலிக்கு எண்ணெயும், திடீரென எழும் வலிக்கு மட்டும் ஆவியும் எனச் சில மருத்துவர்கள் பிரித்து வழங்குகின்றனர். மனச்சிதைவு நோய் வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கடும் இதய நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு எந்தக் கருவியும் இம்மருந்தைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது.

தமிழ்க் குடும்பங்களும் பயணங்களும்

கஞ்சா என்ற சொல் தமிழ் வீடுகளில் இன்றும் அவச்சொல்லாகவே ஒலிக்கிறது. சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு என்பதை அறிந்தவர்கள்கூட, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நரம்பு வலியால் துடிக்கும் தாய்க்கு அது பரிந்துரைக்கப்படும்போது தயங்குகின்றனர். ஆவியின் மணம் புகையைவிட விரைவில் மறைந்தாலும், முற்றிலும் மணமற்றது அல்ல. பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுடன் ஒரே வீட்டில் வாழ்வோர் மருந்தையும் கருவியையும் பூட்டி வைப்பதும், சன்னலைத் திறந்து தனி அறையில் பயன்படுத்துவதும் அவசியம்.

வாகனம் ஓட்டுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல், ஒரு லிட்டர் இரத்தத்தில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருந்தபடி வாகனம் ஓட்டுவது குற்றம். மருத்துவர் கூறியபடி மருந்து எடுத்தவர் அதனைத் தற்காப்பு வாதமாக முன்வைக்கலாம். ஆனால் ஓட்டும் திறன் குறைந்திருந்தால் அந்த வாதம் உதவாது.

மிகப் பெரிய ஆபத்து விமானப் பயணத்தில் உள்ளது. லண்டனில் பெற்ற மருந்துச் சீட்டு சென்னையிலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ பாதுகாப்புத் தராது. வழியில் இறங்கி ஏறும் வளைகுடா நாடுகளிலும் போதைப்பொருள் சட்டங்கள் கடுமையானவை. இந்தியா 2019இல் மின் சிகரெட்டுகளையும் புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் சாதனங்களையும் தடை செய்தது. சுங்க அதிகாரி ஒருவர் ஆவியாக்கியை அவற்றிலிருந்து வேறுபடுத்திப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சிங்கப்பூரில் ஆவியாக்கிக் கருவியை வைத்திருப்பதே 2018 பிப்ரவரி முதல் குற்றம். அங்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தீர்ப்பளிக்கப்பட்ட தமிழர் ஒருவர் 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். பயன்படுத்திய கருவியின் உள்ளே படிந்திருக்கும் பிசினும் கஞ்சாவாகவே கருதப்படலாம் என்பதால், கருவியையும் மருந்தையும் வீட்டிலேயே விட்டுச் செல்வதே விவேகம். பயண நாட்களுக்கு மாற்று மருந்து குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

மருந்துச் சீட்டில் பூவின் பெயரும், டி.எச்.சி., சி.பி.டி. ஆகியவற்றின் சதவீதமும், மாதத்துக்கு எத்தனை கிராம் என்பதும் இருக்கும். அதைக் கொண்டு மட்டும் ஒரு வேளை மருந்தை அளக்க முடியாது. எத்தனை டிகிரி வெப்பத்தில் தொடங்குவது, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் பூ, எத்தனை முறை உள்ளிழுப்பது, அடுத்த வேளைக்கு முன் எவ்வளவு நேரம் காத்திருப்பது ஆகிய நான்கு கேள்விகளை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நோயாளியின் கையில் உள்ளது. அந்த நான்கு விடைகளையும் ஒவ்வொரு நாளும் மாறாமல் நிறைவேற்றித் தரக்கூடிய கருவி எதுவோ, அதுவே அவருக்கு ஏற்ற கருவி.